சுண்டைக்காயும் சுமைக்கூலியும்

கணக்கைப் பார்த்துவிட்டு என் மனைவி ஒரே ஒரு பழமொழி சொன்னாள். “சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம்.” அவள் பழமொழி சொல்கிற ரகம் இல்லை. கணக்குத் தணிக்கை படித்தவள். எதையும் எண்ணிலேயே சொல்லி முடித்துவிடுவாள். அவளையும் பழமொழிக்குத் தள்ளிவிட்டது, நானும் நண்பனும் அரிசோனாவிலிருந்து டாலஸ் வரை 1,070 மைல் இழுத்து வந்த வேன்.

எனக்கு அந்தப் பழமொழியில் ஓர் ஆட்சேபணை உண்டு. அதில் சுண்டைக்காயாவது மலிவு. என் சுண்டைக்காய் 7,800 டாலர். வயது 51. எஞ்சின் ஓடி 13 வருஷம் ஆகிறது என்று விற்றவரே சொன்னார். தூக்கி விரிக்கிற கூரையின் கித்தான் துணியை எலி தின்றிருந்தது. முன் இருக்கையில் தேங்காய்நார் மாதிரி ஏதோ பிதுங்கிக்கொண்டிருந்தது. 1971-ஆம் வருஷத்து ஃபோக்ஸ்வாகன். வெஸ்ட்ஃபாலியா கம்பெனி உள்ளே படுக்கையும் ஒட்டுப்பலகை அலமாரியும் ஐஸ்பெட்டியும் வைத்துக் கொடுத்த கேம்பர் வேன்.

இதே 1971 மாடலை 1990-இல் நாங்கள் நாலு பேர் சேர்ந்து 850 டாலருக்கு வாங்கியிருக்கிறோம். அது ஓடியது. இரண்டு வருஷம் கழித்து 400 டாலருக்கு விற்றோம். வாங்கிய ஆள் ஏமாந்துவிட்டான் என்று அன்று இரவு பீட்சா வாங்கிக் கொண்டாடினோம்.

அப்போது அதற்கு ‘விண்டேஜ்’ என்று பெயர் கிடையாது. பழைய வண்டி, அவ்வளவுதான். பணம் இல்லாதவர்கள் ஏறுகிற வண்டி.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன், ஆலங்குடிப் பக்கம். மற்ற மூவர் நெல்லைக்காரன், மதுரைக்காரன், விஜயவாடாக்காரன். ஊர்ப் பெயரே பெயராக நின்றுவிட்டது. அரிசோனாவின் டெம்பி நகரில் இரண்டு அறைக் குடியிருப்பு, வாடகை 440 டாலர், ஆளுக்கு 110. வண்டி வாங்கியதற்குக் காரணம் சுற்றுலா ஆசை என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் மதுரைக்காரனின் குறட்டைதான் காரணம். வண்டி வந்த நாளிலிருந்து அவன் அதில்தான் படுத்தான். வாடகையை மட்டும் நாலாகவே பிரித்தோம்.

1990 டிசம்பர் விடுமுறையில் கலிஃபோர்னியாவின் மாலிபு பெருமாள் கோயிலுக்குக் கிளம்பினோம். பக்தி நாலில் ஒருவனுக்கு இருந்தது. மீதி மூவருக்குப் புளியோதரை. போக 400 மைல். எஞ்சின் பின்னால், 1600 சிசி, புத்தகத்தில் போட்டிருந்தபடி 60 குதிரைச் சக்தி. எங்களிடம் வந்து சேர்ந்தபோது அதில் பல குதிரைகள் இறந்துவிட்டிருந்தன. மணிக்கு 55 மைல்தான் அதற்கு ஒத்துக்கொண்ட வேகம். அதற்குமேல் போனால் வண்டி முழுக்க டபராசெட் மாதிரி அதிரும். 1974-இல் பெட்ரோல் தட்டுப்பாட்டுக்காக நாடு முழுக்க 55 மைல் உச்சவரம்பு போட்டிருந்தார்கள். ஊருக்கு வெளியே அதை 65 ஆக்கியது 1987-இல். மூன்று வருஷம் முந்திப் பிறந்திருந்தால் நாங்களும் சட்டப்படி வேகமாகப் போகிறவர்களாக இருந்திருப்போம்.

திரும்பி வரும்போது கோச்செல்லா பள்ளத்தாக்கிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலை சிரியாகோ உச்சிக்கு ஏறுகிறது. கடல் மட்டத்தை ஒட்டிய தரையிலிருந்து சுமார் 1,700 அடி. ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு பலகை இருக்கும்: எஞ்சின் கொதிக்காமலிருக்க அடுத்த 10 மைலுக்கு ஏசியை அணையுங்கள். நெல்லைக்காரன் மிகுந்த மரியாதையோடு கை நீட்டி, இல்லாத ஏசியை அணைத்தான். எங்கள் எஞ்சின் காற்றிலேயே ஆறுகிற ஜாதி. ரேடியேட்டர் கிடையாது, கொதிக்க அதில் தண்ணீரே கிடையாது. நல்ல நல்ல கார்களெல்லாம் பானட்டைத் திறந்துகொண்டு ஓரத்தில் ஆவி விட்டுக்கொண்டு நிற்க, நாங்கள் 30 மைல் வேகத்தில் ஊர்வலம் போனோம். என் வாழ்க்கையில் அமெரிக்கர்களை முந்திச் சென்ற முதல் சந்தர்ப்பம் அது.

கர்வத்துக்குக் கூலி பிளைத் என்ற ஊரைத் தாண்டிக் கிடைத்தது. மாநில எல்லை கடந்து சிறிது தூரத்தில் கிளட்ச் கேபிள் அறுந்தது. மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கிளட்ச் இல்லாமலே எப்படியோ உருட்டி குவார்ட்ஸைட் என்ற ஊரில் இறங்கினோம்.

ஊர் என்றால் பாலைவனம். ஆனால் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து ஓய்வுபெற்ற கிழவர்களும் கிழவிகளும் வீட்டுவண்டிகளோடு வந்து ஆயிரக்கணக்கில் அந்த மணலில் இறங்கிவிடுவார்கள். திருவிழாக் கூட்டம் தங்கின மாதிரி இருக்கும். ஊர் இடுகாட்டில் ஒரு சின்னக் கல் பிரமிடு, உச்சியில் ஒட்டகம். ஹாஜி அலி என்பவரின் சமாதி. உள்ளூர் வாயில் ‘ஹை ஜாலி’. 1855-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ராணுவத்துக்கு ஒட்டகம் வாங்க 30,000 டாலர் ஒதுக்கியது. இந்த வறண்ட பிரதேசத்தில் கோவேறு கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டி மாளவில்லை, ஒட்டகத்தில் ஏற்றினால் சுமைக்கூலி மிச்சம் என்று கணக்கு. மறுவருஷம் ஒட்டகங்களோடு வந்த ஓட்டிகளில் ஒருவர் இவர். ஒட்டகம் சுமை தூக்கியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் வாடை கண்டு கோவேறு கழுதைகள் மிரண்டன, சிப்பாய்களுக்கும் பிடிக்கவில்லை. உள்நாட்டுப் போர் வந்தது, திட்டத்தைக் கைகழுவிவிட்டார்கள். ஹாஜி அலி ஊர் திரும்பவில்லை. 1902-இல் இங்கேயே செத்துப்போனார். அந்த வழியில் சுமைக்கூலியை மிச்சம் பிடிக்கப் போய் மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள் மட்டுமில்லை என்பது அன்றைக்கு ஓர் ஆறுதல்.

கேபிள் விலை பத்து டாலருக்குள்தான். ஆனால் கிறிஸ்துமஸ்; கடையெல்லாம் பூட்டு. பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த ஒரு பெரியவர் வந்து பார்த்தார். வியாழக்கிழமை ஃபீனிக்ஸில் டாக்டரைப் பார்க்கப் போகிறேன், இழுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றார். இரண்டு நாள் மணலில் கிடந்தோம். வியாழக்கிழமை விடியற்காலை அவர் தண்ணீர்க் குழாயை வெட்டித் தானே பற்றவைத்த ஓர் இழுவைச் சட்டத்தை எடுத்து வந்தார், ‘ஃ’ எழுத்தின் மூன்று புள்ளியைக் கோடு போட்டு இணைத்த மாதிரி. இரண்டு முனை எங்கள் முன்னச்சுக் குழாயைக் கவ்வியது. ஒரு முனை அவருடைய டிரக்கின் உருண்டையில் உட்கார்ந்தது. கியரை நியூட்ரலில் போடு, சாவியை எடுக்காதே, எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பாடம் முடிந்தது. உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிக்கிறேன் என்று நெல்லைக்காரன் கேட்டான். பெரியவர் சிரித்து, அது தானே வரும் என்றார். வந்தது. 130 மைலுக்கு மேல், கோயில் யானைக்குப் பின்னால் குட்டி மாதிரி.

காசு வாங்கவில்லை. மிச்சமிருந்த புளியோதரையைக் கொடுத்தோம். மூன்றாம் நாள் புளியோதரை. ஒரு கரண்டி தின்றுவிட்டு, ரொம்ப சுவாரசியமாக இருக்கிறது என்று சொல்லித் தன் நாய்க்கு வைத்தார். நாய் எங்களைப் பார்த்தது. அப்புறம் அவரைப் பார்த்தது.

ஆக, அந்தக் காலத்து இழுவைச் செலவு: பூஜ்யம் டாலர், அரைத் தூக்கு பிரசாதம். ‘பட்ஜெட்’ என்ற சொல்லை அப்போது எங்களில் யாரும் உச்சரித்ததாக ஞாபகம் இல்லை. அது காசு உள்ளவன் வாயில் வருகிற சொல் என்பது என் அபிப்பிராயம்.

2022 ஏப்ரல். நெல்லைக்காரனும் நானும் டாலஸ் புறநகரில் நாலு தெரு தள்ளி இருக்கிறோம். இருவருக்கும் சர்க்கரை, அவனுக்குக் கூடுதலாக ஒரு ஃபோர்டு பிக்கப். ஒரு ராத்திரி பதினோரு மணிக்குப் போன்.

“ஏலே, நம்ம வண்டி வெலைக்கு வந்திருக்குலே!”

மேஸா நகரில், டெம்பிக்குப் பக்கத்தில். படம் பார்த்தேன். வெளிர் நீலம். நம்முடையது ஆரஞ்சு.

“பெயின்ட் அடிச்சிருப்பாம்லே. முப்பது வருசத்துல ஒருத்தனாவது அடிக்காமலா இருப்பான்?”

அரிசோனாப் பழைய வண்டிக்குத் தனி மவுசு. அந்த வெயில் ரப்பரைத் தின்னும், பெயின்ட்டைத் தின்னும், டாஷ்போர்டைப் பாளம் பாளமாகப் பிளக்கும். இரும்பை மட்டும் தொடாது. பனிக்கு உப்புக் கொட்டுகிற ஊர்களில் இதே வண்டி அடியில் துரு தின்று அப்பளம் ஆகிவிடும். அதனால் 7,800 கொள்ளை மலிவு என்றான். பழைய 23 சன்னல் வேன்கள் ஏலத்தில் லட்சம் டாலர் தாண்டுகின்றன என்பதையும் சொன்னான். என் மகள், “அப்பா, போன மாசம்தான் அதே கம்பெனி எலக்ட்ரிக் வேனே காட்டினாங்க, அதுவும் பாக்க இதே மாதிரிதான்” என்றாள். ஓடுகிற வண்டி எதற்கு என்று எங்களுக்குத் தோன்றியது.

ஏற்றி வந்து வாசலில் இறக்கித்தர ஒரு லாரிக்காரர் கேட்ட கூலி 1,350 டாலர். அநியாயம் என்றோம். நாமே போய் இழுத்து வந்தால் பாதிகூட ஆகாது என்று நெல்லைக்காரன் டிஷ்யூ தாளில் கணக்குப் போட்டான். அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் பெட்ரோல் போக வழிக்கு எழுதியிருக்கிறான். வர வழிக்கு எழுதவில்லை.

விற்றவர் தங்கமானவர். எங்கள் கதையைக் கேட்டு நெகிழ்ந்து, ஓர் உபரி எஞ்சினையும் நாலு பெட்டி உதிரிப் பாகங்களையும் இலவசமாகக் கொடுத்தார். இனாம் என்றதும் நாங்கள் யோசிக்கவில்லை. எஞ்சின் 110 கிலோவுக்குக் குறையாது. பிக்கப்பின் தொட்டியில் தயிர்சாதம் இருந்த ஐஸ்பெட்டியும் மடக்கு நாற்காலிகளும் சொகுசாக உட்கார்ந்திருந்தன. ஆகவே எஞ்சினைத் தூக்கி வேனின் பின்பக்கத் தட்டில் வைத்தோம். ஏற்கெனவே எஞ்சின் இருக்கிற இடத்துக்கு மேலேயே இன்னோர் எஞ்சின். பெட்டிகளும் அங்கேயே. வாடகை டிரெய்லரில் ஏற்றும் வண்டி காலியாக இருக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் போட்டிருந்ததாம். கையெழுத்துப் போடும்போது படிக்கிற வழக்கம் எங்கள் இருவருக்கும் இல்லை.

விடியற்காலை நாலேகாலுக்குக் கிளம்பினோம். டூசான் தாண்டும்போது வெளிச்சம். பென்சனுக்கு அப்புறம் டெக்ஸஸ் கேன்யன் வருகிறது. பெயர்தான் டெக்ஸஸ், இடம் அரிசோனா. ஒன்றின் மேல் ஒன்றாக யாரோ விளையாட்டுக்கு அடுக்கிய மாதிரி உருண்டைப் பாறைகள். நார்த்தாமலை பார்த்த புதுக்கோட்டைக்காரனுக்கு அதில் அதிசயம் இல்லை. அதைத் தாண்டி வில்காக்ஸ் பக்கம் இறக்கம். வேகம் தானாக 60-ஐத் தொட்டது.

முதலில் ஸ்டியரிங்கில் ஒரு சின்னக் கூச்சம். பின்பக்கத்தை யாரோ விரலால் தட்டுகிற மாதிரி. கண்ணாடியில் பார்த்தேன், நீல வேன் இடப்பக்கம் எட்டிப் பார்த்தது. அடுத்து வலப்பக்கம். மறுபடி இடப்பக்கம், இந்தத் தடவை கொஞ்சம் அதிகமாக. மூன்றாவது ஆட்டத்தில் அது எங்களையும் சேர்த்து ஆட்டியது.

“பிரேக் போடாத! பிரேக் போடாதலே!” என்று கத்தினான் நெல்லைக்காரன். அது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது, உயிர் பிழைத்தோம். காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்தேன், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன். ஆட்டம் ஒவ்வொன்றாகக் குறைந்து 45-இல் நின்றது. ஒரு பதினெட்டுச் சக்கர லாரி நீளமாக ஹாரன் அடித்தபடி கடந்து போனது. என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

வில்காக்ஸ் பெட்ரோல் நிலையத்தில் இறங்கினோம். காலை எட்டு, ஊரில் இரவு எட்டரை. அது அப்பாவின் நேரம். 84 வயது. அண்ணன் மகன் போனைப் பிடித்துக்கொள்ள, தினம் அந்த நேரத்துக்கு வீடியோவில் வந்து ‘சாப்பிட்டியா’ கேட்பார். கவலையை மறைக்க, இந்தாங்க நான் வாங்கின வண்டி என்று போனைத் திருப்பிக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. “கிட்டக்கக் காட்டு. அந்தக் கொக்கி இருக்குற எடம்.” காட்டினேன். “பின்னாடி என்ன ஏத்தியிருக்க?”

சொன்னேன்.

“பின்பாரம்ல தம்பி போட்டிருக்க. பாரு, ஏர்க்கால் மேல தூக்கி நிக்குது. இந்நேரம் மாடா இருந்தா நாக்கத் தள்ளியிருக்கும்.”

அப்பா முப்பது வருஷம் கடலை மூட்டை ஏற்றி ஆலங்குடிக்கு வண்டி கட்டியவர். மாட்டுவண்டியில் சுமை பின்னால் சாய்ந்தால் நுகத்தடி மேலே எழும்பும். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்னால் சாய்ந்தால் கழுத்தில் புண். இரண்டுக்கும் நடுவே, கொஞ்சமே கொஞ்சம் முன்பாரம் வைத்து மூட்டை அடுக்குகிறவன்தான் வண்டிக்காரன். சின்ன வயதில் வண்டி ஆளில்லாமல் கிளம்பினால் என்னை ஏர்க்கால் அடியில் உட்கார வைத்து அதைச் சரிக்கட்டுவார். அது எனக்குக் கிடைத்த சவாரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றுதான் புரிந்தது, நான் எடைக்கல்.

“ரெண்டு ஆள் ஏர்க்கால்ல ஏறி உக்காந்தாப்புல இருக்கணும், அவ்வளவு பெரிய வண்டிக்கு. எடுத்து முன்னால போடு.”

டிரெய்லரின் கைப்பிடிச் சட்டத்தில் ஒட்டியிருந்த சீட்டை அப்புறம் படித்தேன். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் அமர வேண்டும், சுமையின் பெரும்பகுதி முன்பாதியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வால் ஆடும். படம் போட்டு, சிவப்பில் எழுதியிருந்தது. ஆளுக்கொரு முதுகலைப் பட்டம், அதுவும் இயந்திரவியலில்.

எஞ்சினை இறக்க இரண்டு கிழவர்களால் முடியவில்லை. பக்கத்து லாரியிலிருந்து ஒரு சர்தார்ஜி இறங்கி வந்தார். எங்கள் இந்தியும் அவர் ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே தரம் என்பதால் பேச்சில்லாமல் வேலை நடந்தது. எஞ்சின் பிக்கப் தொட்டிக்குப் போனது. தயிர்சாதம் வேனுக்குப் போனது, பின்பாரமாக.

அதற்கப்புறம் டிரெய்லர் பூனைக்குட்டி. வேடிக்கையாக இருந்தது அதன் பிரேக். நாம் வேகத்தைக் குறைத்தால் பின்னாலிருப்பது முன்னால் வந்து கொக்கியை முட்டும் அல்லவா? அந்த முட்டலையே கொண்டு எண்ணெயை அழுத்தித் தன் சக்கரத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது. கரண்ட் வேண்டாம், கணினி வேண்டாம். எவ்வளவு கோபமாக முட்டுகிறதோ அவ்வளவு பலமாக நிற்கும். வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் நல்லது என்றான் நண்பன். யாருக்குப் பொருத்த என்று நான் கேட்கவில்லை.

அந்த டிரெய்லரின் மேல் இன்னொரு ஸ்டிக்கரும் உண்டு: உச்சவேகம் 55. முன்னால் 400 குதிரைச் சக்திக்குக் கொஞ்சம்தான் குறைவான எஞ்சின், குளிரூட்டிய இருக்கை, செயற்கைக்கோள் வழிகாட்டி. முப்பத்திரண்டு வருஷம் உழைத்து முன்னேறி, அதே ஐ-10 சாலையில், அதே 55-இல் போய்க்கொண்டிருந்தோம். எல் பாசோ தாண்டினால் மேற்கு டெக்ஸஸில் வரம்பு 80. எங்களைக் கடந்த ஒவ்வொரு வண்டியும் ஒரு கன்னத்தில் அறைந்தது போல் காற்றை வீசிவிட்டுப் போனது.

ஆனால் திரும்பிப் பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள், கட்டைவிரல் காட்டினார்கள். அந்தக் காலத்தில் அதே மாதிரி வண்டியில், சன்னலில் திரை போட்டுக்கொண்டு நாலு கறுத்த பையன்கள் போனால் வழிநெடுகக் காவலர்கள் நிறுத்தி, உள்ளே என்ன என்று எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே மதுரைக்காரன் இருப்பான். இப்போது சியரா பிளாங்கா எல்லைச் சோதனைச் சாவடியில் சீருடைக்காரர் எங்களைப் பார்க்கவே இல்லை, வேனைப் பார்த்தார். என் மாமா ஒன்று வைத்திருந்தார் என்றார். டெமிங்கில் பெட்ரோல் போட்ட இடத்தில் ஒரு பாட்டி, தன் முதல் பிள்ளை இதில்தான் உருவானான் என்று அறிவித்தார். லாஸ் குரூசஸில் ஒருவர் கண்ணை மூடி, கதவை இழுத்துச் சாத்துகிற சத்தம் மட்டும் கேட்க வேண்டும் என்றார். கேட்கவைத்தோம். ஒவ்வொரு நிறுத்தமும் முக்கால் மணி நேரம். பெட்ரோல் வேறு, காலன் பத்து மைல்தான் கொடுத்தது. கதைக்கூலியும் சேர்ந்துகொண்டது. வான் ஹார்னுக்குக் கொஞ்சம் முன்னால் நேர மண்டலம் மாறி, இருந்த ஒரு மணி நேரத்தையும் பிடுங்கிக்கொண்டது.

பெருமைப்படக் கொஞ்சம் காரணம் இருக்கத்தான் செய்கிறது. பென் பொன் என்கிற டச்சுக் கார் வியாபாரி 1947-இல் வோல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலைக்குப் போனபோது, பீட்டில் காரின் அடிச்சட்டத்தில் பலகை அடித்து, உள்ளே சாமான் இழுக்கத் தொழிலாளர்கள் வைத்திருந்த தட்டுவண்டியைப் பார்த்தார். குறிப்பேட்டில் ரொட்டி மாதிரி ஒரு பெட்டி வரைந்தார். 1950-இல் வேன் வந்தது. 2013 வரை பிரேசிலில் செய்துகொண்டிருந்தார்கள். ஏர்பேக் கட்டாயம் என்று சட்டம் வரவே நிறுத்தினார்கள். ஆக, சுமை இழுக்கப் பிறந்த ஜாதி. எங்கள் கைக்கு வந்து அதுவே சுமை ஆகிவிட்டது.

எங்கே நின்றாலும் நெல்லைக்காரன் ஒரு காரியம் செய்தான். சாவியின் நுனியால் வேனில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தைச் சுரண்டுவான், ஆரஞ்சு தெரிகிறதா என்று. வில்காக்ஸில் கதவிடுக்கு. வான் ஹார்னில் டாஷ்போர்டுக்குக் கீழே. அபிலீனில் பேட்டரித் தட்டு. நீலத்துக்கு அடியில் நீலம். அதற்கும் அடியில் சாம்பல்.

மூன்றாம் நாள் காலை வீடு. பெட்ரோல் 652, டிரெய்லர் 290, மூன்று இரவு விடுதி 270, சாப்பாடு 140, கொக்கி உருண்டையும் விளக்கு ஒயரும் 70, கட்டும் பட்டைகள் 60. மொத்தம் 1,482. லாரிக்காரர் கேட்டதைவிட 132 டாலர் அதிகம். இரண்டு பேர் லீவை என் மனைவி கருணையால் சேர்க்கவில்லை. அப்போதுதான் அந்தப் பழமொழி.

புதன்கிழமை குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஓடாத வண்டி வீட்டு வாசலில் 72 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. பதினாலு மைல் தள்ளி ஒரு கொட்டகை பிடித்தோம். மாதம் 95 டாலர். டெம்பியில் என் தலைக்கு வாடகை 110 என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. டிரெய்லரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று; மறுபடி இழுக்க அதே லாரிக்காரரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. 185 டாலர் என்றார், கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணி. லாரிக்காரர் வேனைச் சங்கிலியில் கோத்துக்கொண்டிருந்தார். நெல்லைக்காரன் கடைசி வாய்ப்பாக மட்கார்டுக்கு அடியில் படுத்துச் சுரண்டிக்கொண்டிருந்தான். போனில் அப்பா வந்தார்.

“திரும்ப எங்க ஏத்துற?”

“கொட்டகைக்குப்பா. மாச வாடகை.”

“ஓடுமா அது?”

“இப்போதைக்கு இல்ல.”

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் மகனிடம் ஏதோ சொன்னார். போன் ஆடியது, திண்ணை வந்தது, மாட்டுக்கொட்டில் வந்தது, மாடில்லாத முளைக்குச்சி வந்தது. டார்ச் வெளிச்சத்தில் புளியமரத்தடி. வண்டி சாய்ந்து கிடந்தது. பாரில் யாரோ விறகு அடுக்கியிருந்தார்கள், சரியாக, கொஞ்சம் முன்பாரமாக.

“சக்கரம் ரெண்டையும் காரைக்குடிக்காரன் கேட்டுட்டுப் போயிருக்கான். ஏதோ ஓட்டல் வாசல்ல சாத்தி வைக்கவாம். ஏர்க்காலும் நுகத்தடியும் அவனுக்கு வேணாமாம்.” வெளிச்சம் ஏர்க்காலின் மேல் நின்றது. “உனக்கு வேணுமா தம்பி?”

மட்கார்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

“ஏலே, வேணும்னு சொல்லு. கப்பல்ல போட்டா எவ்வளவு ஆவும்னு நான் பாக்கேன்.”